கொசுறுக் குஞ்சு

லேபிள் இராமகிருஷ்ணன் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் அல்ல. மருந்துக் கடையில்கூட மாத்திரை அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியாக என்ன சொல்றீக என்று கேட்பார். அட்டையில் போட்டிருக்கும் விலையைக் கடைக்காரர் காட்டினால், இதை அச்சடித்தவனே எனக்குத் தெரிந்தவன்தான் என்பார். மனைவி சுப்புத்தாயை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் மட்டும் கேட்ட இடத்தில் கேட்டதைக் கொடுத்தார். வாயே திறக்கவில்லை. பேரம் பேசாமல் விட்டதால்தான் அவள் பிழைக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் அவருக்குள் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

நாரணாபுரத்தில் சொந்த வீடு. பின்பக்கம் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. பட்டாசுக் கம்பெனிகளில் லேபிள் ஆர்டர் பிடித்து, சிவகாசி அச்சகங்களில் அடித்து வாங்கி, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். ரோஜாப்பூ, கிளி, பல் முளைக்காத வாயால் சிரிக்கிற குழந்தை என்று பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டுகிற படங்கள் அவர் கை வழியாகப் போயின. சுப்புத்தாய் போனதும் தொழிலை விட்டார். நிறம் சரியாக ஏறாத லேபிள் தாள்களும் பழைய காலண்டர் அட்டைகளும் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்தன. மூன்று வேளையும் மெஸ்ஸில் இருந்து டிபன் கேரியர் வந்துவிடும். அடுப்பு பற்றவைப்பதே இல்லை. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமையில் தீப்பெட்டி இல்லாத வீடு அவருடையதாகத்தான் இருக்கும்.

மகன் மகேஷ்குமார் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுக்கு மனைவியும், பிரீத்திகா என்று ஒரு மகளும். ஞாயிறு தோறும் போன் செய்வான். அந்த வருஷம் தீபாவளி சீசன் முடிந்து ஊரே ஓய்ந்து கிடந்த ஒரு ஞாயிறன்று, பொங்கலோடு வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான்.

"அதெல்லாம் தோதுப்படாதுப்பா" என்றார் இராமகிருஷ்ணன்.

இதை அவர் பதிலாகச் சொல்லவில்லை, முதல் விலையாகச் சொன்னார். அவர் வளர்ந்த தெருவில் மனதில் இருக்கிற விலையை யாரும் முதலில் வெளியே எடுப்பதில்லை. எட்டாத உயரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிராளி முகத்தைச் சுளிப்பான், எழுந்து வாசல் வரை போவான், செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு, கூப்பிட்டதும் திரும்பி வருவான். அப்புறம்தான் காப்பி வரும், கதை வரும், விலையும் வரும். இராமகிருஷ்ணன் மனதில் ஒரு விலை இருக்கத்தான் செய்தது. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. மருமகள் ஒரு வார்த்தை கூப்பிட்டால், பேத்தி போனை வாங்கிக் கொஞ்சம் கெஞ்சினால், அதிலிருந்தும் இறங்கலாம். மொத்தமாகப் போய்விட்டால்தான் என்ன என்றுகூட, கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது நினைத்திருக்கிறார்.

அங்கே தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று மகேஷ் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த நேரம் பார்த்துத் தெருவில் வேலுச்சாமியின் மொபெட் வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அடைத்துக் கட்டி ஊர் ஊராக விற்பவன். பெட்டிக்குள் இருந்து வந்த கீச்சுச் சத்தம் போன் வழியாகச் சென்னை வரைக்கும் கேட்டது.

"கோழி வளக்கப் போறேன்" என்றார்.

மகன் சிரித்துவிட்டான். அம்மா வைத்த ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து கருகவிட்ட ஆள் நீங்கள், குஞ்சு ஒரு வாரம் தாங்காது என்றான். தாங்கினால் என்ன செய்வாய் என்றார் இவர். பேச்சு வளர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் நின்றது. பொங்கலன்று பாதிக்கு மேல் குஞ்சுகள் உயிரோடு இருந்தால் அப்பா நாரணாபுரத்தில் இருக்கலாம், இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். சரி என்று மகன் போனை வைத்தான்.

இராமகிருஷ்ணனுக்கு இதில் ஒரு கணக்கு. தோற்றுப்போய் அங்கே போனால், ஒரு டஜன் வாங்கினால் மேலே ஒன்று போடுவார்களே, அந்தக் கொசுறு மாதிரி ஒரு மூலையில் கிடக்க வேண்டும். ஜெயித்துவிட்டால் ஒப்பந்தத்தை மகன்தான் வந்து உடைக்க வேண்டும். அதெல்லாம் கிடக்கட்டும், வாங்கப்பா என்று கையைப் பிடிக்க வேண்டும். அப்படிப் போவதுதான் போவது. ஆக, குஞ்சுகள் பிழைத்தே ஆக வேண்டும். செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடி வேலுச்சாமியை மறித்தார்.

ஐம்பது குஞ்சுக்கு வெகுநேரம் பேசினார்கள். வேலுச்சாமி இரண்டு முறை வண்டியைக் கிளப்பினான், இரண்டு முறையும் அணைத்தான். கடைசியில் விலை இருவருக்கும் பிடிக்காத ஓர் இடத்தில் வந்து நிற்க, கொசுறு எங்கே என்றார் இராமகிருஷ்ணன். நூற்றுக்குத்தான் கொசுறு, ஐம்பதுக்குக் கிடையாது என்றான். கிடையாது என்று ஒரு சொல் வியாபாரத்தில் உண்டா என்று கேட்டார். அவன் பெட்டிக்குள் கையை விட்டு, இருந்ததிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினான். சாம்பல் நிறம், முதுகில் கறுப்பாக ஒரு கோடு.

ஆனால் கையோடு கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நாளைக்குத்தான் தருவேன் என்றான். முதலில் இடத்தைச் சூடாக்கி வைக்க வேண்டும், குஞ்சு வந்த பிறகு சூடாக்குவது பந்தி உட்கார்ந்த பிறகு உலை வைக்கிற கதை என்றான். தரையில் உமி, அதன் மேல் சில நாளைக்குத் தாள், இல்லாவிட்டால் உமியைத் தின்று சாகும். சுற்றி முழங்கால் உயரத்துக்கு அட்டை வளையம். நடுவில் குண்டு பல்பு. தண்ணீரில் கருப்பட்டி.

சதுரமாகக் கட்டினால் அட்டையை வளைக்கிற வேலை மிச்சமாகுமே என்றார் இவர்.

"மூலை இருந்தா குஞ்சு அங்கன போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துரும் அண்ணாச்சி. வட்டமாத்தான் கட்டணும்."

"சூடு எம்புட்டுன்னு எப்பிடித் தெரியும்?"

"குஞ்சு நிக்கிற எடத்தப் பாருங்க. பல்புக்கு அடியில குமிஞ்சா குளுரு. ஓரத்துக்கு ஓடி வாயப் பொளந்தா சூடு. அங்கன இங்கன பரவிக் கெடந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்."

கொட்டகையில் வேலை நடந்தது. சுப்புத்தாய் இருந்த காலத்தில் இருந்து வீடு பெருக்கிக் கொடுக்கிற மாடத்தி உமி மூட்டையை இழுத்துக் கொட்டினாள். வளையத்துக்குக் காலண்டர் அட்டைகள் இருந்தன. சாமி படம் போட்டவற்றைக் கோழி அசிங்கம் பண்ணும் என்று ஒதுக்கிவிட்டு, இயற்கைக் காட்சி அட்டைகளை எடுத்தார் இராமகிருஷ்ணன். எல்லாம் பனிமலை. படம் உள்பக்கம் தெரிகிற மாதிரி வளைத்துத் தைத்துக் கட்டினார்.

"பனிமலையச் சுத்திக் கட்டிட்டு நடுவுல பல்பு போடுறீக. குஞ்சுக்குக் குளிரடிக்காதா மொதலாளி?" என்றாள் மாடத்தி.

"அதுக்கு என்ன படம் தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப எதுக்கு உள்பக்கமாத் திருப்பி வச்சீக?"

சரக்கின் முகம் வாங்க வருகிறவனைப் பார்த்து இருக்க வேண்டும். அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. தரைக்கு லேபிள் தாள்களை எடுத்தபோதும் அப்படித்தான். நிறம் மங்கிய சிரிக்கிற குழந்தைகள், ஒரு தாளுக்குப் பல முகம். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல், உமியின் மேல் விரித்தார். பல்பைப் போட்டதும் தாள்கள் பளபளத்தன. தள்ளி நின்று பார்த்தார். அச்சகத்தில் இருந்து முதல் தாள் வரும்போது பார்க்கிற பார்வை. சுப்புத்தாய் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கேலியாகத்தான் இருக்கும். அதற்கும் ஆள் வேண்டுமே.

மறுநாள் மதியம் குஞ்சுகள் வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, அலகைக் கருப்பட்டித் தண்ணீரில் தொட்டுக் காட்டி உள்ளே விட்டான் வேலுச்சாமி. கொஞ்ச நேரம் குமிந்தன. பல்பை ஒரு சாண் இறக்கினார். மெல்லப் பரவின. சாயங்காலம் மெஸ் பையன் கேரியரை வைத்துவிட்டுப் போன பிறகும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே சாப்பிட்டார். சுற்றிலும் ஒரே கீச்சு. இத்தனை நாள் அந்த வீட்டில் சத்தம் போட்டது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

காலையில் மாடத்திதான் முதலில் பார்த்தாள். நாலைந்து குஞ்சுகள் எழுந்து நிற்க முடியாமல் வயிற்றால் கிடந்தன. கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்திருந்தன. எழப் பார்க்கும், சறுக்கும், மறுபடி விழும். நன்றாக இருந்தவையும் தள்ளாடித்தான் நடந்தன. ஆளில்லாத வீட்டில் இவ்வளவு சந்தோஷம் வந்தால் கண்படாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விட்டாள் அவள். மத்தியானத்துக்குள் விழுந்தவை இன்னும் கூடின. இரண்டு செத்தே போயின. கொசுறுக் குஞ்சுதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு காலும் ஒரே நேர்கோட்டில் விரிந்து, சிரிக்கிற குழந்தை ஒன்றின் மூக்கின் மேல் படகு மாதிரி கிடந்தது.

இராமகிருஷ்ணன் வேலுச்சாமிக்குப் போன் போட்டார். இப்படி நோய்ச் சரக்கை என் தலையில் கட்டலாமா என்று சத்தம் போட்டார்.

"அதே பெட்டிக் குஞ்சத்தான் ஆலங்குளத்துல எறக்குனேன் அண்ணாச்சி. அங்கன எல்லாம் ஒளுங்கா நடக்குது. ஒங்க வீட்டுல மட்டும் ஆடுதுன்னா நீங்கதான் என்னமோ சலங்கை கட்டி விட்டுருக்கீக" என்றான் வேலுச்சாமி. சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான்.

சாயங்காலம் வரை எத்தனை விழுமோ. பாதிக்கு மேல் போய்விட்டால் கதை முடிந்தது. இராமகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளையத்துக்குள் இறங்கினார். கொசுறுக் குஞ்சை எடுக்கக் குனிந்து கையை ஊன்றினார். ஊன்றிய கை சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. விழாமல் சுதாரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பழக்க தோஷத்தில், தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். தாள் வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பது. மேல்பக்கம் கண்ணாடி. நல்ல வார்னிஷ், ஒப்புக்குப் பூசியது அல்ல, அவரே நின்று பூசச் சொன்னது. கீழ்ப்பக்கம் சொரசொரப்பு, பசை பிடிக்க வேண்டும் என்பதற்காக.

ஐந்து விரலும் ஊன்றிய மனிதன் கையே நிற்காத இடத்தில், இப்போதுதான் முட்டையில் இருந்து வந்த குஞ்சின் காலை நிறுத்தியிருக்கிறோம்.

வேறு எந்த ஊரில் எவன் கோழி வளர்த்திருந்தாலும் பழைய பேப்பரை விரித்திருப்பான். இவர் ஊரில் வார்னிஷ் போட்ட தாள் சும்மா கிடக்கிறது. கிடந்தாலும் வேறு எவன் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் பாதித் தாள் தவறிப்போய் முதுகு மேலாக விழுந்திருக்கும். இவர் ஒன்றுகூடத் தவறாமல் முகத்தை மேலே வைத்து அடுக்கியிருக்கிறார். தொழிலில் சேர்ந்த அன்றைக்கு அவர் மாமா மண்டையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

குஞ்சுகளை ஒரு கூடையில் அள்ளி வைத்துவிட்டு எல்லாத் தாளையும் கவிழ்த்துப் போட்டார். மேலே சோள நொய்யைத் தூவினார். வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல் கிடந்தது தரை. பார்க்கச் சகிக்கவில்லை. குஞ்சுகள் அதில் தடங்கலில்லாமல் நடந்தன.

சாயங்காலம் வந்த வேலுச்சாமி விரிந்த கால்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னான். இறுக்காமல், நடக்க இடம் விட்டு, மெத்தென்ற துணியால். இராமகிருஷ்ணன் பீரோவைத் திறந்து சுப்புத்தாயின் பழைய நூல் சேலையில் முந்தானையைக் கொஞ்சம் கிழித்து எடுத்து வந்தார். வேலுச்சாமி சேலையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு முதல் குஞ்சை எடுத்து நீட்டினான்.

அப்புறம் மின்வெட்டு இருந்தது. அந்த வருஷம் கரண்டு நினைத்த நேரத்துக்குப் போகும். பல்பு அணைந்தால் சட்டியில் கரி போட்டு, ஓட்டை போட்ட தகரத்தால் மூடி வளையத்துக்குள் வைக்க வேண்டும் என்று வேலுச்சாமி சொல்லியிருந்தான். தாளும் உமியும் கிடக்கிற கொட்டகையில் நெருப்பு. பட்டாசுக் கம்பெனி வாசலில் தீப்பெட்டி இல்லையென்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டே உள்ளே போய்ப் பழகியவர் அவர். தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் காமராஜ் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இந்த வயசுல புதுசா பீடி கீடி பளகுறீகளா?" என்றார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இராமகிருஷ்ணன் குஞ்சுகளின் கதை முழுவதையும் சொன்னார். கரண்டு வராத நேரங்களில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, கரி கனல்வதைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குஞ்சுகள் சட்டியைச் சுற்றிப் படுத்திருக்கும். அவரும் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வார்.

மார்கழி நகர்ந்தது. வாரத்துக்குக் கொஞ்சமாகப் பல்பை உயர்த்தினார். வளையத்தை அகலமாக்கினார். கட்டிய கால்களில் பல நேராயின, சில நேராகவில்லை. கொசுறுக் குஞ்சு பிழைத்துக்கொண்டது. ஒரு கால் மட்டும் கோணல். ஓடும்போது பக்கவாட்டில் போகும். மாடத்தி காலையில் வரும்போது அவர் குஞ்சுகளிடம் பேசிக்கொண்டிருப்பார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், தவிட்டு விலை என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கேட்பதற்கு முன்னால் இவரே எண்ணிக்கையைச் சொன்னார். அவன் ஒவ்வொரு முறையும், "பரவாயில்லையேப்பா" என்றான். மருமகள் ஒரு முறை பேசினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிரீத்திகாவுக்குக் குஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். போனைக் கீழே பிடித்தார். அவள் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இவர் பேசுவதற்குள் லைன் போய்விட்டது.

பொங்கலன்று மாடத்தி வாசலில் கோலம் போட்டுக் கரும்பு ஒன்றைச் சாத்திவிட்டுப் போனாள். குஞ்சுகள் இறகு முளைத்து, பல்பு தேவைப்படாத அளவுக்கு வளர்ந்திருந்தன. பாதிக்கு மேல் என்ன, முக்காலுக்கு மேல் உயிரோடு இருந்தன. இராமகிருஷ்ணன் குளித்து, சலவை வேட்டி கட்டி, போனை எதிரில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன பேச வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தார். முதலில் ஜெயித்ததைச் சொல்வது. அவன் கெஞ்சுவான். குஞ்சுகளை யார் பார்ப்பது என்று இழுப்பது. இன்னும் கெஞ்சுவான். மாடத்தி இருக்கிறாள், வேலுச்சாமி இருக்கிறான் என்று அரை மனதாக ஒத்துக்கொள்வது. ஆறு மாதம்.

மகேஷ் பொங்கல் வாழ்த்துச் சொன்னான். இவர் எண்ணிக்கையைச் சொன்னார்.

"சூப்பர்ப்பா. நீங்க ஜெயிச்சுட்டீங்க. நீங்க அங்கேயே இருங்க. ஒங்களுக்கு அதான் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம்தான்" என்றான்.

இராமகிருஷ்ணன் காத்திருந்தார். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க குளிரு கூடத்தான் இருக்கு" என்றார்.

ஸ்வெட்டர் அனுப்புகிறேன் என்றான் மகன். அப்பாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ரூமில் இப்போது பிரீத்திகாவுக்கு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டுவிட்டதாகவும், அவளுக்கு ஒரே குஷி என்றும் சொன்னான். லீவுக்கு வந்து கோழி பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

"வரட்டும், வரட்டும்" என்றார்.

போனை வைத்த பிறகும் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். சொன்ன விலையைச் சொன்னபடி எதிராளி ஒத்துக்கொண்டால், குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று பொருள். அல்லது அவனுக்குச் சரக்கே வேண்டாம் என்று பொருள். இதில் எது என்று வெகுநேரம் யோசித்தார். பிறகுதான் மூன்றாவதாக ஒன்று தோன்றியது. மகேஷை அவர் தொழில் பக்கமே வர விடவில்லை. எட்டாவது படிக்கும்போதே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். பையன் வளர்ந்த பிறகு வாங்குவது எல்லாமே விலை ஒட்டிய கடைகளில். ஒட்டியிருக்கிற சீட்டைப் படிப்பான், பணத்தைக் கொடுப்பான், நன்றி சொல்லிவிட்டு வருவான். அப்பா வர மாட்டேன் என்று சீட்டு ஒட்டியிருந்தார். படித்துவிட்டுப் போய்விட்டான்.

திரும்பக் கூப்பிட்டு, நான் சொன்னது முதல் விலைதான் என்று சொல்லலாம். எண்களை அழுத்தவும் போனார். வாசல் வரை போய்விட்டு, கூப்பிடாமலே திரும்பி வந்து உட்கார்ந்த ஒரு வியாபாரியையும் அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. போனை வைத்தார்.

கொட்டகைக்குப் போனார். கோழிகள் தோட்டத்தில் பரவிக் கிடந்தன. ஒன்றுகூட வளையத்துக்குள் இல்லை. சும்மா ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார். பல்பு எரிந்தது. அதன் அடியில் வந்து நிற்க யாருக்கும் அவசியம் இல்லை. கோணக்கால் கொசுறு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, அதுவும் பக்கவாட்டில் ஓடிவிட்டது.

தை பிறந்த சில நாட்களில் வேலுச்சாமிக்குப் போன் செய்தார். புதுக் குஞ்சு வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருக்கு அண்ணாச்சி என்று அவன் ஒரு விலை சொன்னான். துண்டை உதற இடம் வைத்து, நன்றாகவே ஏற்றிச் சொன்னான்.

"சரி" என்றார் இராமகிருஷ்ணன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தார்.

"அண்ணாச்சி, ஒடம்பு எதுவும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பொங்கலுக்கு மகன் வந்தாகளா?"

"வேலை இருக்குல்ல அவனுக்கு."

"போன்ல யேவாரம் வேண்டாம். சாயங்காலம் நானே வாரேன். வந்து ஒக்காந்து பேசுவோம். அந்த வெலைக்கு நீங்க வாங்குனீகன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றான்.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இராமகிருஷ்ணன் சுப்புத்தாயின் அடுப்பில் இரண்டு பேருக்குக் காப்பிக்குத் தண்ணீர் அளந்து வைத்தார்; வேலுச்சாமி வந்ததும் பற்றவைக்கத் தீப்பெட்டியையும் பக்கத்தில் எடுத்து வைத்தார். பிறகு கொட்டகைக்குப் போய்ப் பழைய உமியை வாரி வெளியே கொட்டிவிட்டு, புது உமியைப் பரப்பி, லேபிள் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தார். வழவழப்பு அடியில் போகிறதா என்று ஒவ்வொரு தாளையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத்தான் விரித்தார்.